எதிர்ச்சுற்று

அத்தியாயம் 11

ஸ்டீயரிங் ஆணியில் இல்லை.

ஆயுத பூஜை விடிந்து மணி ஐந்தரை. தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலைத் துண்டால் சுற்றிக்கொண்டு பூஜை அறைக்குள் வந்த ஜோதி, வெறும் ஆணியைப் பார்த்தபடி நின்றாள்.

மற்ற வீடுகளில் பெட்டிச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று பார்த்து, வீட்டுக்குப் பெரியவர் யார் என்று தெரிந்துகொள்வார்கள். திருவெள்ளறைக்கு வடக்கே உள்ள இந்த ஊரில், டிராக்டர் வீட்டில் மட்டும், ஸ்டீயரிங் யார் கையில் என்று கேட்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஜோதியின் தாத்தா காலத்தில் கப்பலில் வந்து சென்னையில் இறங்கிய அந்த ஜெர்மன் டிராக்டருக்குச் சாவி கிடையாது, பேட்டரி கிடையாது. ஸ்டீயரிங்கைத் தண்டோடு உருவி, வண்டியின் பக்கவாட்டில் உள்ள பெரிய சுழல்சக்கரமான பிளைவீலில் சொருகி, அதைப் பிடித்து ஆட்டித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். கிளம்பியதும் உருவி, பழைய இடத்தில் மாட்டி ஓட்ட வேண்டும். ஸ்டீயரிங் இல்லையென்றால் அந்த வண்டி இரும்புக் குப்பை.

அதனால்தான் அறுபத்தைந்து வருடங்களுக்கு மேலாக அதன் இடம் பூஜை அறை. பெருமாள் படத்துக்கும் கருப்பசாமி படத்துக்கும் நடுவே ஓர் ஆணி.

"சரவணன் எடுத்துட்டுப் போயிருக்கான்."

குரல் பின்னாலிருந்து வந்தது. அப்பா மருதை. எழுபத்து நான்கு வயதிலும் வளையாத முதுகு. புது வேட்டி. வலது கை மட்டும் துண்டுக்குள் மறைந்திருந்தது.

"எங்கப்பா?"

"வாசலுக்கு. போட்டோ எடுக்குறாங்க. கையில ஸ்டீயரிங்கோட நின்னா எடுப்பா இருக்குமாம், போஸ்டருக்கு."

அண்ணன் சரவணன் இருபது வருடங்களாக ஸ்ரீரங்கத்தில் ஃப்ளாட்டில் குடியிருப்பவன். திருச்சியைச் சுற்றி மனை விற்பவன். ஊராட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய பிறகுதான் சொந்த ஊர் மண்மீது அவனுக்குத் திடீரென்று பாசம் வந்தது.

"போன வருஷம் என்கிட்ட ஒண்ணு சொன்னீங்க," என்றாள் ஜோதி.

மருதை விளக்குத் திரியைத் தூண்டினார்.

"அடுத்த ஆயுத பூஜைக்கு ஷட்டரைத் தொறந்து வச்சே கிளப்பு, ஊரே பாக்கட்டும், ஸ்டீயரிங் உனக்குத்தான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்புறம்?"

"போன வருஷம் சொன்னேன். இந்த வருஷம் சொல்லல."

அவ்வளவுதான். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு அவர் வெளியே போனார்.

டிராக்டர் வீட்டில் பொய் சொல்ல மாட்டார்கள் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. வரப்புத் தகராறு என்றால் இரு தரப்பும் வந்து மருதையின் வாய் வார்த்தைக்குக் கட்டுப்பட்டுப் போவார்கள். அந்தப் பெயருக்குள்ளே ஒரு பொய் நான்கு வருடங்களாகக் குடியிருந்தது.

நான்கு வருடங்களுக்கு முன் வாதம் வந்து மருதையின் வலது கை விழுந்தது. அந்த வருடத்து ஆயுத பூஜைக்கு ஊர் வழக்கம்போல வந்து நின்றது. மருதை ஷெட்டுக்குள் போய் ஷட்டரை இறக்கச் சொன்னார். "கிளப்புறப்ப கண்ணு படக்கூடாது" என்றார். பத்து நிமிடத்தில் உள்ளே டும் டும் என்று சத்தம் கேட்டது. ஷட்டர் ஏறியது. மருதை ஆசனத்தில் உட்கார்ந்து, இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சைகளை நசுக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஒற்றைக் கையால் இந்த யானையைக் கிளப்பிவிட்டாரே என்று ஊர் கையெடுத்துக் கும்பிட்டது.

கிளப்பியது ஜோதி. பக்கக் கதவு வழியாக வீட்டுக்குள் போய்க் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும். கிரீஸ் வைப்பது, ஆயில் வடிப்பது, கரி சுரண்டுவது எல்லாம் அவள்தான். இந்த வருடம் சரவணனுக்கும் சொல்லும்வரை, இது தெரிந்த மூன்றாவது ஆள் மூக்கன் ஒருவன்தான்.

மூக்கன் ஷெட்டில் இருந்தான். நாற்பது வருடமாக அந்த வீட்டு வேலை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. டீசல் நனைத்த துணியால் வண்டியின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க பாப்பா. இவளுக்கு இன்னிக்கு நடக்குற உபசாரத்தைப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கு. எனக்குக் கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு எண்ணெய் தேய்ச்சு விடல."

ஜோதி சிரிக்கவில்லை. டீசல் டேங்கின் அடித் திருகைத் தளர்த்தி, தேங்கியிருந்த தண்ணீரை ஒரு டம்ளர் வடித்தாள். வடிக்காமல் விட்டால் பாதி வழியில் எஞ்சின் விக்கும். பிறகு கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு சக்கரத்தடியில் குனிந்தாள்.

"ஐயா மாத்திச் சொல்லிட்டாரா?" மூக்கன் மெல்லக் கேட்டான்.

"ம்."

"விடுங்க பாப்பா. கிளப்புறது யாருன்னு வண்டிக்குத் தெரியும்ல."

"வண்டி வந்து சாட்சி சொல்லுமா அண்ணே?"

மூக்கன் சந்தனம் குழைத்தான். ஜோதி வண்டி முழுக்கப் பொட்டு வைத்தாள். விளக்குக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று, பிளைவீலின் விளிம்பில் பெரியதாக ஒன்று.

சரவணன் வந்தபோது மணி ஒன்பது. பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, கக்கத்தில் ஸ்டீயரிங். இடது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ். வியாழக்கிழமை யாருக்கும் தெரியாமல் தானே கிளப்பிப் பார்க்கப் போய், ஸ்டீயரிங் திருப்பி அடித்த அடி அது.

"மூக்கா, அது என்ன பின் சக்கரத்தடியில கட்டை? எடுத்துப் போடு. போட்டோல அசிங்கமாத் தெரியுது."

"தடைக்கட்டை தம்பி. வண்டி நிக்கிறப்ப இருக்கணும். இவ குதிக்கிற குதிக்கு நகந்துடுவா."

"எடுன்னா எடு. உன்கிட்ட கிளாஸ் கேக்க வரல."

மூக்கன் கட்டையை எடுத்து மூலையில் சாய்த்து வைத்தான்.

"சரி, சொல்லு ஜோதி. சுருக்கமாச் சொல்லு. யாராவது கேட்டா நாலு வார்த்தை பேசணும்ல."

ஜோதி நிமிர்ந்தாள். கையில் கிரீஸ்.

"முன்னாடி மூடிக்குள்ள ஒரு குண்டு இருக்கு. ஊதுவிளக்கை வச்சு அது மங்கலாச் செவக்கிற வரைக்கும் காய்ச்சணும். அப்புறம் பம்பை நாலு தடவை அடிச்சு டீசலை உள்ள விடணும். ஸ்டீயரிங்கை இங்க சொருகி ஆட்டணும். சுத்தக் கூடாது. முன்ன, பின்ன, முன்ன, பின்ன. அது புடிக்கும்."

"எந்தப் பக்கம் புடிக்கும்?"

"அது அதோட இஷ்டம். நேராப் புடிச்சா சரி. தப்பாப் புடிச்சா எஞ்சின் எதிர்ச்சுற்றா ஓடும். அப்ப நீ முன் கியர் போட்டாலும் வண்டி பின்னாலதான் போகும்."

"என்னது!"

"இந்தப் பொட்டைப் பாரு. முன்பக்க விளிம்புல இது கீழ எறங்கினா நேர்ச்சுற்று. மேல ஏறினா எதிர்ச்சுற்று. ஏறினா பயப்பட வேணாம். இந்த ஆக்சிலேட்டர்க் கம்பியைக் குறைச்சா, எஞ்சின் அணையப் போற நேரத்துல ஒரு உதறு உதறித் தானாத் திரும்பிக்கும். அஞ்சு செகண்ட் வேலை. ஆனா பாக்கணும். பாக்காம ஏறக் கூடாது."

சரவணன் பாதியிலேயே செல்போனை எடுத்துவிட்டிருந்தான். "ஆமாண்ணே, நாலு மணிக்கு. ஊர் மொத்தமும் வருது. மாலை நீங்கதான் போடணும்." பேசி முடித்துத் திரும்பினான். "என்ன சொன்ன? சரி விடு. அதெல்லாம் நீ பாத்துக்க. நீ ஏறுன்னா நான் ஏறுறேன்."

"கிளப்புறது என் வேலை. ஏறுறது உன் வேலையா?"

"வேற என்ன வேலை இருக்கு உனக்கு?" என்றான் சரவணன். கோபத்தோடு சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான்.

மூக்கன் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான்.

நாலு மணிக்கு ஷெட்டு வாசல் நிறைந்துவிட்டது. பந்தல், மேளம், ஒலிபெருக்கி. ஊராட்சியின் நான்கு குக்கிராமங்களிலிருந்தும் ஆட்கள். ஷட்டரை ஒட்டி வெளியே பெரிய ஃப்ளெக்ஸ். அதில் சரவணன் இரண்டு கையிலும் ஸ்டீயரிங்கை ஏந்தி நின்றான்.

வெளியே ஒரு கிழவர் கேட்டது உள்ளே வரை கேட்டது. "மருதை, பையனுக்குக் கிளப்பத் தெரியுமாப்பா?"

"என் கையில பழகுனவன்," என்றார் மருதை கணீரென்று. "இன்னிக்கு அவன்தான் கிளப்புறான். அந்த ஸ்டீயரிங் இனி அவன் கையில."

கைதட்டல். பிறகு மருதை பாதி ஏறியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் சரவணன். ஷட்டர் இறங்கியது.

உள்ளே ஊதுவிளக்கு சீறிக்கொண்டிருந்தது. குண்டு சிவந்திருந்தது. ஜோதி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பம்பை நான்கு முறை அடித்தாள். ஸ்டீயரிங்கைச் சொருகி, கால்களை அகட்டி நின்று ஆட்டத் தொடங்கினாள்.

முன்ன. பின்ன. முன்ன. பின்ன.

டும்.

ஒரு கணம் நிசப்தம். பிறகு டும், டும், டும் என்று தரை அதிர வண்டி குதித்தது. வெள்ளைப் புகை கூரை வரை எழுந்தது. ஜோதி ஸ்டீயரிங்கை உருவிக்கொண்டு பின்வாங்கினாள். வெளியே மேளம் உச்சத்துக்குப் போனது. யாரோ சரவெடி கொளுத்தினார்கள்.

பழக்க தோஷத்தில் அவள் கண் பிளைவீலுக்குப் போனது.

முன்பக்க விளிம்பில் பொட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

எதிர்ச்சுற்று. இப்படி ஆவது புதிதல்ல, பத்துக்கு ஒரு முறை ஆகும். அவள் கை தானாக ஆக்சிலேட்டர்க் கம்பிக்கு நீண்டது.

"ஸ்டீயரிங்கை அவன்கிட்ட குடுத்துட்டு உள்ள போ," என்றார் மருதை அவள் காதருகே. "வெளிய தலை காட்டாத."

கம்பியின் மேல் வைத்த கையோடு அவள் திரும்பினாள்.

"அப்பா, ஒரு தடவை வெளிய வந்து நிக்கிறேன். ஓரமா. கூட்டத்தோட கூட்டமா."

"எதுக்கு?"

"யாருகிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். வண்டி வெளிய போறதைப் பாக்கணும். நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்லப்பா."

மருதை அவளை மேலும் கீழும் பார்த்தார். கிரீஸ் கை, நெற்றியில் கரி, செருகிய புடவை.

"இந்தக் கோலத்துல நீ வந்து நின்னா ஊர் கணக்குப் போட்டுடும். இது சரவணன் வீடு. உனக்குன்னு ஒரு வீடு இருந்தா அங்க போய் வாசல்ல நில்லு."

பதினோரு வரன் வந்தது அவளுக்கு. ஒருத்தனுடைய அப்பா லாரி ஓட்டுகிறார் என்றார் மருதை. இன்னொருத்தன் வீட்டில் ஓடு போட்ட கூரை என்றார். மணப்பாறையிலிருந்து வந்த கடைசி வரனை, காபி குடிக்கும் முன்பே எழுந்து போகச் செய்தார். குடும்பத் தரம் என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் ஜோதி உள்ளறையில் தலையாட்டினாள். அப்பா பேர் பெரிது என்று நம்பினாள். இப்போது வயது நாற்பத்தொன்று. அந்த அப்பா கேட்கிறார், உனக்கென்று ஒரு வீடு எங்கே என்று.

அவள் கை கம்பியிலிருந்து விலகியது.

"ஆச்சு," என்றாள். "ஏறச் சொல்லுங்க."

ஸ்டீயரிங்கை அண்ணன் கையில் கொடுத்தாள். அவன் அதை மாட்டிக்கொண்டு, மாலையைச் சரி செய்துகொண்டு, ஏறி உட்கார்ந்தான். பொட்டைப் பார்க்கவில்லை. அப்படி ஒன்று உண்டு என்ற நினைப்பே அவனுக்கு இல்லை.

மருதை ஷட்டர் வழியாகவும் ஜோதி பக்கக் கதவு வழியாகவும் வெளியேற வேண்டும். அவள் கதவருகே போய் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். மூக்கன் ஷட்டரைத் தூக்கிவிட்டு, ஊதுவிளக்கை அணைக்கக் குனிந்தவன் அப்படியே நின்றான். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டான். பிளைவீலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"பாப்பா!"

மேளத்துக்கும் வெடிக்கும் டும் டும் சத்தத்துக்கும் மேலாக அந்தக் குரல் அவள் காதில் தெளிவாக விழுந்தது.

ஜோதி கதவைச் சாத்தினாள்.

ஷெட்டின் பின் சுவருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. அதன் அருகே போய் நின்றாள். வண்டி பின்னால் நாலடி போகும், சுவரில் முட்டும், அண்ணன் ஆசனத்திலிருந்து சரிவான், ஊர் கொல்லென்று சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காக அவள் காத்திருந்தாள். அவள் நினைத்தது அவ்வளவுதான். அவ்வளவுதான் நினைத்தாள் என்பது யாருக்கு ஆறுதல்?

கியர் விழும் சத்தம் கேட்டது. எஞ்சின் ஒரு முறை உறுமியது. யாரோ "பின்னால, பின்னால!" என்று கத்தினார்கள். சரவணன் பதறிப்போய்க் கிளட்ச்சை மிதிக்காமல் ஆக்சிலேட்டரைக் கூட்டினான் என்பது பிறகு தெரிந்தது. சுவர் அதிர்ந்தது. தொட்டித் தண்ணீர் அலம்பித் தரையில் சிந்தியது.

அதன் பிறகு சிரிப்பு வரவில்லை. ஓர் அலறல் வந்தது. அது சரவணனின் குரல் அல்ல.

நடந்தது இதுதான். மூக்கன் கூப்பிட்டுப் பார்த்தான். அவள் கதவைச் சாத்தினாள். ஆசனத்தைப் பார்த்துக் கையாட்டினான். சரவணன் கூட்டத்துக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தான். ஆக்சிலேட்டர்க் கம்பியைச் சுற்றிப் போய்ப் பிடிக்க நேரமில்லை. வேறு வழி தெரியாமல் மூலையிலிருந்த தடைக்கட்டையை எடுத்துக்கொண்டு, பின் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே புகுந்தான். கட்டையை வைக்கும் முன் சக்கரம் வந்துவிட்டது.

அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாத மாதிரிதான் இருந்தது. நாலு பேர் வேட்டியில் தூக்கி வேனில் ஏற்றினார்கள். ஃப்ளெக்ஸ் சரிந்து கிடந்தது. மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் மேளத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மருதை, எப்படி ஆச்சு? தம்பி சரியாக் கிளப்பலையா?" என்று அதே கிழவர் கேட்டார்.

ஜோதி வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தது அப்போதுதான். மருதை பந்தலுக்கு நடுவே நின்றார். முதுகு அப்போதும் வளையவில்லை.

"என் பையன் கிளப்பல. மூக்கன் கிளப்பினான்," என்றார். "நான் கிளப்புறேன் நான் கிளப்புறேன்னு நின்னான், சரி போன்னு விட்டேன். காலையிலேருந்தே தண்ணியில இருந்திருக்கான். எனக்குத் தெரியாமப் போச்சு."

கூட்டத்தில் முணுமுணுப்பு. சரவணன் வியர்த்த முகத்தோடு தலையாட்டினான். "ஆமா, வாடை அடிச்சுது."

மூக்கன் சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொண்டு குடியை விட்டு இருபது வருடம் ஆகிறது. அது ஊருக்கே தெரியும். ஆனால் சொன்னவர் டிராக்டர் வீட்டு மருதை. முணுமுணுப்பு மெல்ல மெல்லத் திசை மாறியது. "நல்ல நாளும் அதுவுமா..." என்று ஒருவர் ஆரம்பித்தார். "வயசானா புத்தி போயிடுது" என்று இன்னொருவர் முடித்தார்.

ஜோதி அப்பாவைத் தனியாக ஷெட்டுக்குள் இழுத்துப் போனாள். எஞ்சின் அணைந்திருந்தது. சூட்டில் இரும்பு டிக் டிக் என்று முனகியது. சுவரடியில் அந்தக் கட்டை ரத்தத்தில் கிடந்தது.

"என்னப்பா பேசுறீங்க? அவர் குடிக்கிறதில்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"அவன் கால் போச்சு. நான் என்ன சொன்னாலும் அது திரும்ப வராது. நம்ம பேரு இன்னும் போகல." மருதை துண்டை உதறித் தோளில் போட்டார். "யாரு கிளப்பினதுன்னு சொல்லட்டும்? உன் பேரைச் சொல்லட்டுமா? நாலு வருஷமா ஊரை ஏமாத்தினோம்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"நாளைக்கு எவன் வீட்டு வரப்புக்கு நான் போய் நிக்கிறது?"

அவர் போய்விட்டார். ஜோதி பிளைவீலைப் பார்த்தாள். பொட்டு அழியாமல் அப்படியே இருந்தது.

திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் அவள் மூக்கனைப் பார்த்தபோது மணி ஏழு. ஒரு மணி நேரத்தில் காலை எடுத்துவிடுவார்கள் என்றார்கள். மூக்கனின் மனைவி ரத்தத்துக்கு ஆள் தேடிக் கீழே ஓடியிருந்தாள். மூக்கன் விழித்துக் கிடந்தான். ஊசியின் மயக்கம் கண்ணில் இருந்தது, பேச்சில் இல்லை.

"வலிக்குதா அண்ணே?"

"இப்ப இல்ல பாப்பா."

அவள் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். மூன்று முறை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

"பொட்டு மேல ஏறிட்டு இருந்துச்சு," என்றான் மூக்கன்.

அவள் நகக்கண்ணைச் சுரண்டினாள்.

"நான் கூப்பிட்டேன். மேளச் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது."

அவன் அதை ஒரு கேள்வியாகக் கேட்கவில்லை. அவள் ஏறி வர ஒரு படியைப் போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். மேளம், வெடி, எஞ்சின். கேட்காமல் போயிருக்கலாம்தானே?

"கேக்கல அண்ணே," என்றாள் ஜோதி.

மூக்கன் மெல்லத் தலையை அசைத்தான். அவன் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது.

ஏட்டு ஒருவர் நோட்டோடு வந்தார். ஆஸ்பத்திரி போலீஸ். அலுத்த முகம்.

"மூக்கன் யாரு? நீதானா? குடிச்சிட்டு வண்டியைத் தப்பாக் கிளப்பினதா உங்க முதலாளி எழுதிக் குடுத்திருக்காரு. ஆமாவா, இல்லையா?"

மூக்கன் ஜோதியின் பக்கம் விரலைக் காட்டினான்.

"இந்தப் பாப்பாவைக் கேளுங்கய்யா. முதலாளி மக. அந்த வீட்டுல பொய் சொல்ல மாட்டாங்க."

ஏட்டு நிமிர்ந்தார். "டிராக்டர் வீடா? சொல்லும்மா. யாரு கிளப்பினது?"

வார்டு வாசலில் மருதை கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ. மகளின் கண்ணைச் சந்தித்து, மெல்ல, ஒரே ஒரு முறை தலையை இடவலமாக அசைத்தார். அந்த அசைப்புக்கு நாற்பத்தொரு வருடங்களாக அவள் அடங்கியிருக்கிறாள்.

"நான்தான் கிளப்பினேன்," என்றாள் ஜோதி.

"நீங்களா? அந்தப் பழைய வண்டியையா?"

"நாலு வருஷமா நான்தான் கிளப்புறேன். அப்பாவுக்குக் கை வராது. அண்ணனுக்குத் தெரியாது. அந்த வண்டியைக் கிளப்பத் தெரிஞ்ச ஆள் இப்ப நான் ஒருத்திதான். மூக்கண்ணன் குடிக்கவும் இல்ல, கிளப்பவும் இல்ல."

அவள் குரல் வார்டின் அந்தக் கோடி வரை கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லச் சொல்ல அவள் முதுகு அவளை அறியாமல் நிமிர்ந்தது. நான்கு வருடமாகத் தொண்டையில் அடைத்திருந்தது வெளியே வந்த சுகத்தில், எதிரே ஒருவன் கால் போகக் கிடப்பது ஒரு கணம் மறந்தே போயிற்று.

வாசலில் கைத்தடியின் சத்தம் விலகிப் போனது. மருதை நின்ற இடம் காலியாக இருந்தது.

ஏட்டு எழுதினார். "சரி. அப்ப முன்னால போக வேண்டிய வண்டி ஏம்மா பின்னால போச்சு?"

"சில நேரம் எஞ்சின் எதிர்ச்சுற்றாப் புடிச்சிடும்."

"பாத்தாத் தெரியுமா அது?"

"தெரியும். பிளைவீலைப் பாத்தாத் தெரியும்."

ஏட்டின் பேனா நின்றது.

"நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. உங்களுக்குத் தெரியலையா?"

மூக்கன் கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னது பாதி. அது அவளுக்குப் பெருமை தரும் பாதி. மற்றப் பாதிக்காக அவன் காத்திருந்தான். அதிகம் கேட்கவில்லை. ஒரு வார்த்தை.

ஜோதி கண் இமைக்காமல் ஏட்டைப் பார்த்தாள். காலையில் பூஜை அறையில் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே அப்பா பேசிய அதே குரல் அவள் வாயிலிருந்து வந்தது.

"தெரியல. புகையா இருந்துச்சு."

ஏட்டு அதையும் எழுதி, நோட்டை மூடப் போனார்.

"மூடாதீங்கய்யா," என்றான் மூக்கன். "இப்ப என்னைக் கேளுங்க."